சீ முகம்

நாற்காலிக்கு அடியில் கை வைத்திருக்கக் கூடாது. கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று விளிம்பைப் பிடித்தேன், விரல் நுனியில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. எந்தப் பிள்ளையோ சப்பித் துப்பிய மிட்டாயா, மூக்கைக் குடைந்து தடவி வைத்ததா, தெரியவில்லை. முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும், அதற்குத் தைரியமில்லை. புதுச் சேலையில் துடைக்கவும் மனம் வரவில்லை. கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, கோவிலில் பாதிரியாரிடம் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்பவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலி, முழங்கால் நெஞ்சில் முட்டுகிறது. இதில் ஏசி வேறு, சன்னலெல்லாம் சாத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் சுவரில் இருக்கிற டப்பா புஸ்ஸென்று மல்லிகை வாசனையைத் துப்புகிறது. மல்லிகையாம். மல்லிகைப் பூவை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டால்கூட இதைவிடப் பரவாயில்லை. தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. இதை வாசனை என்று மூச்சு இழுத்துவிடுகிறார்கள் எல்லோரும். பக்கத்தில் என் மகள் வகுப்புத் தன்ஷிகாவின் அம்மா, பேங்கில் வேலை, முந்தானையை எடுத்து மடியில் சேர்த்துக்கொண்டாள். என் பக்கத்து முந்தானைதான். அந்தப் பக்கத்து ஆளுக்கு, ஜட்டிக்குள் கையை விட்டுச் சொறிகிற பிள்ளையை மடியில் வைத்திருக்கிறாரே அவருக்கு, முந்தானை எதுவும் நகரவில்லை. சலேத்மேரி, நீயாக ஒன்றைக் கற்பனை பண்ணிக்கொள்ளாதே. ஏசிக் காற்றுக்கு இழுத்துப் போர்த்தியிருக்கலாம்.

காலையில் நான் செய்துகொண்ட அலங்காரம் எனக்கே குமட்டுகிறது. எலுமிச்சைத் தோலைக் கையில் தேய்த்தேன், புளியைக் கரைத்து நகக்கண்ணில் விட்டேன், காப்பித் தூளைப் போட்டுக் கசக்கினேன், அதற்கு மேல் சோப்பு, அதற்கு மேல் பவுடர். கடைசியில் என்மேல் என்ன வாடை அடிக்கிறது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பொங்கல் சாமான் கட்டி வைத்த சாக்கு மாதிரி இருக்கிறேன். கல்யாணத்துக்குக்கூட இப்படித் தேய்த்துக் குளித்தவளில்லை. தூத்துக்குடி மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறவள் மேல் கருவாட்டு வாடை அடிக்காமல் கற்பூர வாடையா அடிக்கும் என்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால் நன்றாகக் கொடுத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. என் மகள் ஜோவிதான் சொன்னாள். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, நாளைக்கு ஸ்கூலுக்கு அப்பா மட்டும் வரட்டும், நீ வரவேண்டாம் என்றாள். அப்பா கடலுக்குப் போயிருக்கிறார் என்றேன். அப்போ யாரும் வரவேண்டாம் என்றாள். ஐந்து வயது முடியவில்லை அதற்கு. ஏன் மக்கா என்று கேட்டேன், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். வறுத்த நெத்திலிக் கருவாடு தட்டு ஓரத்தில் அப்படியே கிடந்தது. சோறு தின்னப் பழகும் முன்பே நெத்திலித் தலையைக் கடித்துச் சப்பிய பிள்ளை.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். கடையடைத்து வந்து அவளைத் தூக்கினால் உடம்பு விறைத்துக்கொள்கிறது. முத்தம் கொடுக்கக் குனிந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள், கன்னம் உப்பி, தண்ணீரில் முங்குகிறவள் மாதிரி. முன்னேயெல்லாம் என் கழுத்துக்குள் மூக்கை வைத்தால்தான் தூங்குவாள். இப்போது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள், நான் கிட்டே நகர்ந்தால் அவள் இன்னும் நகர்கிறாள். பூச்சித் தொந்தரவாக இருக்கும் என்று மருந்துக் கடையில் பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க. அதைக் குடித்துவிட்டு அவள் வாந்தியெடுத்தாள், நான் கையில் ஏந்தினேன், இளஞ்சூடாக, ரோஸ் நிறத்தில், பால் திரிந்த மாதிரி. எனக்கு அதில் ஒரு துளி அருவருப்பு வரவில்லை. இந்த மல்லிகை டப்பா வரவழைக்கிற அருவருப்பில் பாதிகூட வரவில்லை. பெற்ற பிள்ளையின் வாந்தி அருவருப்பில்லை. பெற்ற அம்மாவின் கழுத்து அருவருப்பாகிவிடுமா? அது இருக்க முடியுமா? எனக்கு அதுதான் தெரியவேண்டும். அதற்குத்தான் கடையை மதினியிடம் விட்டுவிட்டு, வரவேண்டாம் என்று பிள்ளை சொன்ன பிறகும் வெட்கங்கெட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே நடத்துகிற இந்த உணர்வு விளையாட்டையெல்லாம் நான் குறை சொல்லமாட்டேன். பத்மஜா மிஸ் முதல் மீட்டிங்கில் சொன்னது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிள்ளைகளுக்கு உள்ளே என்னவோ வருகிறது, அதற்குப் பேர் தெரியாததால் அடிக்கிறார்கள், கடிக்கிறார்கள், வயிற்றுவலி என்கிறார்கள். பொம்மையை வைத்து, முகத்தை வைத்து விளையாட்டாகப் பேர் சொல்லிக் கொடுத்துவிட்டால் பேசிவிடுவார்கள் என்றாள். நல்ல பேச்சு. எங்கள் வீட்டில் பேர் சொல்லியா வளர்த்தார்கள்? அழுதால் அறை, சிரித்தால் என்னட்டி பல்லக் காட்டுத என்று இன்னொரு அறை. ஜோவி பள்ளிக்கு வந்த புதிதில் வீட்டுக்கு வந்து, எனக்குக் கோபம் வருது, வயித்துக்குள்ள சுடுது என்று சொன்னபோது நான் அடிக்க ஓங்கிய கையை இறக்கினேன். புயல் எச்சரிக்கை வந்த அன்றைக்கு அவள் அப்பாவிடம் போய், ஒனக்குப் பயமா இருக்காப்பா என்று கேட்டாள். பெலிக்ஸ், கடலைப் பற்றிப் பயம் என்கிற வார்த்தையை வீட்டுக்குள் விட்டதே இல்லாத மனுஷன், ஆமா என்று சொல்லிவிட்டு அவளைத் தூக்கி வைத்துக்கொண்டார். எத்தனை வருஷமாக அவருக்குப் பயம் இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. ஆகவே குறை சொல்லமாட்டேன். ஆனாலும் இந்தக் குரல், பத்மஜா மிஸ்ஸின் குரல், சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்த மாதிரி. குட்டீஸ், இன்னிக்கு நம்ம அம்மா அப்பாவெல்லாம் விளையாட வந்திருக்காங்களே, நமக்கு எப்படி இருக்கு? மகிழ்ச்சியாஆஆ என்று எல்லாப் பிள்ளைகளும் இழுக்கிறார்கள். ஜோவியின் வாய் அசைகிறது, குரல் வருகிறதா தெரியவில்லை. வட்டத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்துப் பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. மற்றவர்களுக்கு நடுவில் இல்லை. இதையும் நான் கற்பனை பண்ணுகிறேனா?

கூடை வந்துவிட்டது. அதற்குள் முக அட்டைகள், ஒவ்வொரு பிள்ளையாகக் கையை விட்டு ஒன்று எடுக்கவேண்டும், எடுத்த முகத்தைத் தானும் செய்து காட்டவேண்டும், மற்றவர்கள் என்ன உணர்வு என்று பேர் சொல்லவேண்டும், பிறகு அது எப்போது வரும் என்று பேசவேண்டும். துணிப் பொம்மை ஒன்று கையிலிருந்து கைக்குப் போகிறது, யார் கையில் பொம்மையோ அவர்தான் பேசலாம். பொம்மையின் காது சப்பிச் சப்பிக் கறுத்துப்போயிருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் வாங்கியவுடன் வாயில் வைக்கிறது. முதல் பையன் சோகத்தை எடுத்தான். உதட்டைப் பிதுக்கினான், மூக்குச் சளி மேலுதட்டில் இறங்கியது, நாக்கால் துழாவி உள்ளே இழுத்துக்கொண்டான், பூனை செத்துப்போனது என்றான். எல்லோரும் அச்சச்சோ என்றார்கள். சளியைப் பற்றி யாருக்கும் ஒன்றுமில்லை. அடுத்தது பயம். அடுத்தது வெட்கம். சொறிகிற பிள்ளை எழுந்து வந்து, சொறிந்த கையையே கூடைக்குள் விட்டு, ஒன்றை எடுத்தது. தலைக்கு மேல் தூக்கிக் காட்டியது.

முதலில் எனக்குப் படம் புரியவில்லை. மூக்கைச் சுருக்கி நாக்கைத் தொங்கவிட்ட ஒரு மஞ்சள் முகம். அந்த முகத்துக்கு முன்னால் ஒரு தட்டு. தட்டில் வால் விரிந்து, கண் வெளுத்து, வயிறு கீறி விரித்த ஒன்று. அதிலிருந்து மேலே நெளிநெளியாகப் பச்சைக் கோடுகள், கோட்டைச் சுற்றி ஈக்கள். கருவாடு. சீலாக் கருவாடு, நன்றாகத்தான் வரைந்திருக்கிறார்கள், முள் எடுத்த கீறல்கூடச் சரியாக இருக்கிறது. பிள்ளை உவ்வே என்று வாந்தியெடுக்கிற மாதிரிக் குனிந்தது. அருவருப்பூஊஊ என்று எல்லாப் பிள்ளைகளும் கத்தினார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள், இது அவர்களுக்குப் பிடித்த அட்டை போலிருக்கிறது, பாயில் விழுந்து புரண்டு உவ்வே, சீ, சீ என்று ஒரே கூத்து. பெற்றவர்கள் சிரிக்கிறார்கள். பத்மஜா மிஸ் எங்கள் பக்கம் திரும்பி, பெருமையாகவே சொன்னாள்: கடையில் வாங்கிய அட்டையில் அருவருப்புக்குப் பச்சைப் பூக்கோசுதான் போட்டிருந்ததாம். அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் காய்கறியையே தொடமாட்டேன் என்று அடம் பிடித்ததாம், நிறைய அம்மாக்கள் வருத்தப்பட்டார்களாம். காய்கறியைப் போய்க் கெட்டது என்று மனசில் பதியவைக்கலாமா, அதனால் நம்ம ஊருக்கு ஏற்ற மாதிரி நாங்களே வரைந்து மாற்றிவிட்டோம் என்றாள். நம்ம ஊருக்கு ஏற்ற மாதிரி. ஒரு பூக்கோசின் மானத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். தன்ஷிகாவின் அம்மா, சூப்பர் ஐடியா மிஸ் என்றாள், மூக்கைச் சுருக்கிக் காட்டியும் சிரித்தாள். போன வாரம் கடைக்கு வந்து என் கையால் சீலாக் கருவாடு வாங்கினவள் அவள்தான். கவருக்கு மேல் கவர் போட்டுக் கட்டச் சொன்னாள், வெளியே தெரியக் கூடாதாம். கருவாடு தின்கிற வாயால் இப்படிச் சிரிக்க எப்படி முடிகிறது? அவள் உதட்டுச் சாயம் பல்லில் ஒட்டியிருக்கிறது, பார்க்கவே என்னவோ போல் இருக்கிறது, நான் சொல்லப் போவதில்லை, சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.

ஜோவியைப் பார்க்கவேண்டாம் என்றுதான் தன்ஷிகாவின் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன் போல. பார்த்துவிட்டேன். ஜோவியும் மூக்கைப் பிடித்திருக்கிறாள். எல்லாப் பிள்ளைகளையும் போலவே கட்டை விரலும் ஆள்காட்டி விரலும், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. ஆக, வயிற்றில் பூச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. இங்கேதான் படித்திருக்கிறாள். உள்ளே வருகிறதற்குப் பேர் வைக்கச் சொல்லிக் கொடுக்கிறோம் என்றார்கள், உள்ளே இல்லாததைப் பேரோடு சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். மூச்சைப் பிடித்தது அதற்குத்தான். சுவரைப் பார்த்துப் படுத்தது அதற்குத்தான். அம்மா வரவேண்டாம் என்றது அதற்குத்தான். ஜோவி அன்றைக்குச் சொன்ன மாதிரி எனக்கும் வயிற்றுக்குள் சுடுகிறது. எழுந்து போய்விடலாமா? போனால், கருவாட்டுக்காரி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நாளைக்கு வாட்சப்பில் வரும். அதைவிட, ஜோவி தலை குனிவாள். அட்டையைப் பிடுங்கிக் கிழித்தால்? கிழிக்கலாம், கருவாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று மார்க்கெட்டில் கத்துகிற மாதிரிக் கத்தலாம். எனக்குத் தொண்டை இருக்கிறது. ஆனால் பிள்ளை மனசில் இருக்கிற அட்டையை எப்படிக் கிழிப்பது? கைக்குழந்தையாக இருக்கும்போது கடையில்தான் கிடப்பாள், நெத்திலிக் கூடைக்கும் வாளைக் கட்டுக்கும் நடுவில், பலகைப் பெட்டியில் துணி விரித்து. ஈ விரட்டுகிற விசிறியாலேயே அவளுக்கும் வீசுவேன். சிரிப்பாள். இப்போது இந்த மனுஷர்கள், ரப்பர் பாயில் சாக்ஸ் நாற்றத்தோடு உட்கார்ந்துகொண்டு, அந்தப் பெட்டியையே அவளுக்குக் குமட்ட வைத்துவிட்டார்கள். சீ. எனக்குத்தான் இப்போது சீ என்று வருகிறது. இவர்கள் சிரிப்பு, இந்த டப்பா, இந்தப் பாகு வழிகிற குரல், பச்சைக் கோட்டை ரசித்து ரசித்து நெளித்து வரைந்த அந்தக் கை. நாளைக்குப் பத்து வயதாகும், பதினைந்து வயதாகும், அவள் சிநேகிதி வீட்டுக்கு வரும்போது அம்மா நீ உள்ளே இரு என்பாள். அதை நான் தாங்குவேன், தாங்கித்தான் தொலைப்பேன், ஆனால் என் கழுத்துப் பக்கம் திரும்பவே மாட்டாளா?

கடைசி விளையாட்டு என்கிறாள் மிஸ். பிள்ளைகள் எழுந்து அவரவர் அம்மா அப்பா முன்னால் வந்து நிற்கவேண்டும், முகத்தை நன்றாகப் பார்க்கவேண்டும், கண்ணு எப்படி இருக்கு, மூக்கு எப்படி இருக்கு, உதடு எப்படி இருக்கு என்று பார்த்து, என்ன உணர்வு என்று சொல்லவேண்டும். ஒவ்வொருவர் முன்னாலும் மிஸ் வந்து நின்று கேட்கிறாள். மகிழ்ச்சி. மகிழ்ச்சி. தன்ஷிகாவும் மகிழ்ச்சி என்றாள். பல்லில் சாயத்தோடு அவள் அம்மா கை தட்டினாள். பிள்ளைகள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஜோவி என் முன்னால் வந்தாள். கை நீட்டினாலும் தொடமுடியாத தூரத்தில் நின்றாள். நான் சிரித்தேன், என்னால் முடிந்த மட்டும் பல்லைக் காட்டிச் சிரித்தேன். அவள் பார்த்தாள். இத்தனை நாளாக என்னைப் பார்க்காத பிள்ளை, சொல்லிக்கொடுத்தபடி கண்ணிலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து உதட்டுக்கு, அவசரமே இல்லாமல் பார்த்தாள். பத்மஜா மிஸ் பக்கத்தில் வந்து, ஜோவிட்டா, அம்மா எப்படி இருக்காங்க என்றாள்.

"அருவருப்பு" என்றாள் ஜோவி.

சிரிப்பு எழும்பிப் பாதியில் நின்றது. மிஸ் அவசரமாக, இல்லடா, நல்லாப் பாரு, அம்மா சிரிக்கிறாங்க பாரு, மகிழ்ச்சிதானே என்றாள். ஜோவி மறுபடியும் ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "இல்ல மிஸ். வாய் மட்டுந்தான் சிரிக்கி. மூக்கு சுருங்கியிருக்கு." சரியாகப் படித்திருக்கிறாள். இந்த அறையில் படித்தவள் அவள் ஒருத்திதான். பிறகு மிஸ்ஸை விட்டுவிட்டு, ஒரு அடி கிட்டே வந்து என்னிடம், மற்றவர்களுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்னயப் பாத்தாம்மா? இன்னும் எம்மேல வாடை அடிக்கா?"

என்மேல் என்றாள். என்னுடைய வாடை இல்லை, அவளுடையது. அந்த இடைவெளி, பக்கத்துப் பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில். மூச்சைப் பிடித்துக்கொண்டது என் வாடையைத் தடுக்க இல்லை, அவள் வாடை என்மேல் படாமலிருக்க. படுக்கையில் நகர்ந்து நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது, அம்மாவுக்குச் சீ என்று வந்துவிடக் கூடாது என்று. நீ வரவேண்டாம் என்றது, வந்தால் இங்கே அவளைக் கருவாடு என்று கூப்பிடுவது அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று. இத்தனை நாளும் நான் அவள் முகத்தில் எனக்கான அருவருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன், அவள் என் முகத்தில் அவளுக்கானதைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். பாவி நான், பூச்சி மருந்து கொடுத்தேன். கையை நீட்டினேன், அவள் பின்னால் போனாள், விடவில்லை, இழுத்து மடியில் போட்டேன். விரலில் ஒட்டியிருந்த பிசுபிசுப்பெல்லாம் அவள் சீருடையில் ஒட்டியது, ஒட்டட்டும். உச்சியில் மூக்கை வைத்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று, நெஞ்சு நிறைய இழுத்தேன். தேங்காய் எண்ணெய், வியர்வை, சாக்பீஸ் தூள். அதற்கு அடியில், ஆமாம், இருந்தது, லேசாக உப்பும் வெயிலும் கருவாடும். இல்லை என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அவளிடம் பொய் நிற்காது.

"அடிக்கி மக்கா. கொஞ்சம் அடிக்கி. எனக்கும் அடிக்கி. எனக்கு அது பிடிக்கும்" என்றேன். "அம்மாக்கு அருவருப்பு ஒன்னப் பாத்து இல்ல. அந்த அட்டையப் பாத்து. அத வச்சுச் சிரிச்சவங்களப் பாத்து."

குரலை நான் உயர்த்தவில்லை. சுவரில் டப்பா புஸ்ஸென்றது. பத்மஜா மிஸ் அட்டையைக் கூடைக்குள் வைத்தாள், பிறகு எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள், நாங்க அப்படி நினைச்சு வரையலைங்க என்றாள், அந்தக் குரலில் பாகு இல்லை. நினைத்திருக்கமாட்டாள்தான். நினைத்து வரைந்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். ஜோவி என் மடியில் விறைப்பாகத்தான் இருந்தாள், கொஞ்ச நேரம். பிறகு மூச்சு விட்டாள். விட்ட மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டது. மூக்கை அங்கே வைத்து ஒருதரம் இழுத்துப் பார்த்தாள், தும்மினாள், பவுடர். தும்மிவிட்டு நிமிர்ந்து, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விளையாட்டு இன்னும் முடியவில்லை என்கிற மாதிரிப் பார்த்தாள்.

"மிஸ், மாறிட்டு" என்றாள். "இப்பக் கோபம்."

யார்மேல் என்று மிஸ் கேட்கவில்லை.